ஜூன் முப்பத்தொன்றில் இறந்தவர்

கீழ்த்தளத்தில் பல் டாக்டரின் டிரில் ஓடிக்கொண்டிருந்தவரை அந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மடியில் ஒரு பழுப்பு உறையை வைத்து, இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"சத்தம் நிக்கட்டும்னு பார்க்கிறீங்களா?" என்றாள் ரேடியோ. "சாயங்காலம் ஏழு மணி ஆகும். அதுக்குள்ள ஊர்ல பாதிப் பேருக்குப் பல் போயிடும். சும்மா சொல்லுங்க."

ரேடியோ என்பது வீட்டில் வைத்த பட்டப்பெயர். பெரிய துணிக்கடை ஒன்றில் பத்து வருடம் அறிவிப்பாளராக இருந்தவள். கடையை மூடிவிட்டார்கள், அவள் மட்டும் மூடவில்லை. அண்ணன் மனைவி துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, "வீட்ல உட்கார்ந்து பேசறத அங்க வந்து பேசு" என்று அவளை உதவிக்குச் சேர்த்துக்கொண்டார். இவள் அண்ணி, அண்ணி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, வருகிறவர் போகிறவர் எல்லாருக்குமே அவர் அண்ணியாகிவிட்டார். அதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பத்தொன்பது வருடம் விபத்துகளைச் சரிபார்த்தவர். எரியாத கடை எரிந்ததாகவும், விழாத ஆள் விழுந்ததாகவும் எழுதியதைப் படித்துப் படித்து, எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் கண் தானாகச் சுருங்கும்.

"ஒருத்தரைப் பத்தித் தெரிஞ்சுக்கணும்," என்றார் வந்தவர். "அவர் இறந்துட்டார். என் சொந்தக்காரர். ஆனா எனக்கு அவரைத் தெரியாது."

"தெரியாத வரைக்கும்தான் சொந்தக்காரங்க நல்லவங்க," என்றாள் ரேடியோ.

அண்ணி உறையை வாங்கிப் பிரித்தார். மூன்று மின்னஞ்சல்களின் அச்சுப் பிரதி. ஒரு மரணச் சான்றிதழ். இரண்டு போட்டோ.

முதல் கடிதத்தை ரேடியோ எட்டிப் படித்தாள். 'அன்பார்ந்த ஐயா, தங்கல் பெயறையே கொண்ட பெரும் வணிகர் ஒருவர் வெளிநாட்டில் படகு விபத்தில் காலமாணார். அவறுக்கு வாறிசு இல்லை. உரிமை கோருவாரின்றி வங்கியில் கிடக்கும் அன்னாரின் சொத்து முழுவதும்...' மேற்கொண்டு படிக்கத் தேவையிருக்கவில்லை. இதே மாதிரி அவளுக்கே மாதம் நாலு கோடீஸ்வரர்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்.

சிரிப்பதற்கு வாயெடுத்தாள். மேஜைக்கு அடியில் அண்ணியின் செருப்பு அவள் காலை அழுத்தியது.

வந்தவர் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்திரண்டு. கைவிரல் இடுக்குகளில் கிரீஸ் கறை, ஆனால் சட்டை இஸ்திரி போட்டது. அநாதை விடுதியில் வளர்ந்தவர். அப்பா யார், அம்மா யார் தெரியாது. விடுதி வாசலில் கிடைத்தபோது சட்டையில் குத்தியிருந்த சீட்டில் பெயர் மட்டும் இருந்ததாம்.

"அபூர்வமான பேருங்க. இன்னொருத்தருக்கு அந்தப் பேர் இருந்து நான் கேட்டதே இல்லை. அதே பேர்ல ஒருத்தர் இருந்திருக்கார்னா அவர் என் ஆளாத்தானே இருக்கணும்? சொத்து வரும்போது வரட்டும். இவர் எப்படிப்பட்டவர், என்ன சாப்பிடுவார், கடைசி நேரத்துல பக்கத்துல யாராவது இருந்தாங்களான்னு மூணு தடவை எழுதிக் கேட்டேன். வக்கீல் பதிலே போடலை. கட்டணம் கட்டச் சொல்லி மட்டும் எழுதறார். இன்னிக்கு அஞ்சு மணிதான் கடைசி கெடு. வைப்பு நிதிப் பணம் காலையில கணக்குக்கு வந்துடுச்சு. அனுப்பிடுவேன். அதுக்கு முன்னாடி அவரைப் பத்தி ரெண்டு வார்த்தை தெரிஞ்சா நல்லா இருக்கும். யாருன்னே தெரியாம ஒருத்தர் வீட்டுல கை வைக்கிற மாதிரி இருக்குங்க."

அண்ணி மரணச் சான்றிதழைத் தூக்கிப் பிடித்தார். "இறந்த தேதி ஜூன் முப்பத்தொண்ணுன்னு போட்டிருக்கே."

"நானும் கவனிச்சேன். வெளிநாட்டுல காலண்டர் வேற மாதிரி இருக்கும்னு நினைச்சுக்கிட்டேன்."

ரேடியோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உங்க மெயில் முகவரி யார் யாருக்குத் தெரியும் சார்?" என்று கேட்டார் அண்ணி.

"நான் பார்க்கிற லிஃப்டுக்குள்ள ஒட்டியிருக்கேன். பழுதானா கூப்பிடணுமே. பேர், போன் நம்பர், மெயில் எல்லாம் இருக்கும். மொத்தம் ஆறு கட்டடம். எல்லாம் கடைத்தெருவுலதான்."

"அஞ்சு மணி வரைக்கும் எதுவும் அனுப்பாதீங்க. அதுக்குள்ள உங்களுக்கு விவரம் சொல்றேன்."

அவர் கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார். செருப்புச் சத்தம் தேய்கிறவரை ரேடியோ பொறுத்திருந்தாள்.

"ஏன் அண்ணி? இது டுபாக்கூர்னு முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாமே. பச்சைக் குழந்தைகூட நம்பாது."

"பச்சைக் குழந்தைக்கு அப்பா அம்மா இருப்பாங்க. இவருக்கு ஐம்பத்திரண்டு வயசுல முதல் முதலா ஒரு சொந்தம் கிடைச்சிருக்கு. காகிதத்தைக் காட்டிப் பொய்னு சொன்னா ஒத்துக்க மாட்டார். நம்ம படியிறங்கினதும் நேரா பேங்குக்குத்தான் போவார். ஆளையே காட்டணும்."

"எந்த ஆளை?"

"அதைத்தான் கண்டுபிடிக்கணும். மணி பதினொன்றரை. வா, பக்கத்துல உட்காரு."

மூன்று கடிதங்களையும் வரிசையாக வைத்தார்கள். முதல் கடிதத்தில் எழுத்துப் பிழை இருபத்தொன்று. அடுத்த வாரம் வந்ததில் ஒன்பது. கடைசியாக வந்ததில் ஒன்றே ஒன்று, அந்த 'வாறிசு'.

"திருடன் திருந்திட்டு வர்றான்," என்றாள் ரேடியோ.

அண்ணி அவளை நிமிர்ந்து பார்த்தார். "விளையாட்டா சொன்னாலும் சரியாத்தான் சொல்லியிருக்க. ஏமாத்தறவன் வாராவாரம் பிழை திருத்தறது இல்லை. இதை அடிச்ச ஆள் இப்பதான் அடிக்கவே கத்துக்கறாங்க."

அடுத்தது போட்டோக்கள். ஒன்றில் இறந்த வணிகர். வழித்த முகம், இடது காதுக்குக் கீழே ஒரு மச்சம், முகத்தில் சொத்து நிறைய இருக்கிற ஆளின் அலுப்பு. இன்னொன்று வக்கீலின் அடையாள அட்டை. தடித்த மீசை, மூக்குக்கண்ணாடி. இருவரும் கோட்டு போட்டிருந்தார்கள். பாலிசிகளின் பொடி எழுத்தைப் படிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடியை அண்ணி எடுத்து, வணிகரின் மார்பில் வைத்தார். பிறகு வக்கீலின் மார்பில்.

"மேல் பட்டன் கறுப்பு. அதுக்குக் கீழ பழுப்பு. ரெண்டு பேருக்கும்."

"ஒரே தையல்காரரா?"

"ஒரே கோட்டு. கோடீஸ்வரரும் வக்கீலும் கோட்டை மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டாங்கன்னா அது யாரோட கோட்டு?"

ரேடியோவுக்கு ஒரு வினாடிதான் ஆயிற்று. "ஸ்டுடியோ கோட்டு. பாஸ்போர்ட் போட்டோ எடுக்கப் போனா ஆணியில மாட்டியிருப்பாங்களே, துவைக்காத கோட்டு."

"இந்த ஆளுக்கு மெக்கானிக்கோட பேர் லிஃப்டுலதான் கிடைச்சிருக்கணும். அப்ப கடைத்தெருவுல நடமாடறவன். அங்க எத்தனை ஸ்டுடியோ இருக்கு?"

"நாலு."

"தலையை வாரிக்கோ. உனக்குப் பாஸ்போர்ட் போட்டோ எடுக்கணும்."

முதல் ஸ்டுடியோவில் கோட்டு சிவப்பாக இருந்தது. இரண்டாவதில் ஸ்டுடியோவே பூட்டியிருந்தது. சாப்பிடப் போனவர் வருகிறவரை வாசலில் முக்கால் மணி நேரம் நின்று உள்ளே போனால், கோட்டைக் கம்ப்யூட்டரிலேயே மாட்டிவிடுவோம் என்றார். மூன்றாவதில் கோட்டுக்குப் பட்டனே இல்லை, ஊக்கு குத்தியிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் சந்தேகம் வராமல் இருக்க ரேடியோ போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பையில் அவளுடைய முகம் இருபத்துநாலு சேர்ந்துவிட்டது.

"இத்தனை முகத்தை வெச்சு நான் என்ன பண்றது அண்ணி? ஒரு ஊருக்கே வாக்காளர் பட்டியல் போடலாம்."

நாலாவது ஸ்டுடியோ ஒரு சந்துக்குள் இருந்தது. சொட்டைத் தலைக்காரர் ஒருவர் குடையை விரித்து விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். சுவரில் ஆளுயரக் கண்ணாடி. அதன் பக்கத்து ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு. மேல் பட்டன் கறுப்பு. அதற்குக் கீழே பழுப்பு.

ரேடியோ அண்ணியைப் பார்க்கவில்லை. பார்த்தால் சிரிப்பு வந்துவிடும் என்று பயம்.

"அந்தக் கோட்டைப் போட்டு ஒரு போட்டோ வேணும்."

"அது ஆம்பளைங்க போடறதும்மா. உன்னை மாதிரி ரெண்டு ஆள் நுழையலாம்."

"வேலைக்கு மனு போடறேன். பெரிய ஆளாத் தெரியணும்."

அவர் அலுத்துக்கொண்டே கோட்டை எடுத்துக் கொடுத்தார். முதுகுப்பக்கம் துணி கிளிப் இரண்டு போட்டு இறுக்கினார். "தலையைச் சீவிக்கோ. தாடையைக் கொஞ்சம் இறக்கு," என்று கண்ணாடி முன் நிறுத்திவிட்டு காமிராவுக்குப் போனார்.

கண்ணாடியில் தன்னைப் பார்த்த ரேடியோவுக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடுத்த வினாடி அது நின்றுவிட்டது. கோட்டின் மேல்பை இடது மார்பில் இருக்கிறது. கையால் தொட்டுப் பார்த்தாள், இடதுதான். கண்ணாடிக்குள் இருக்கிற ரேடியோவுக்கு மட்டும் அது வலப்பக்கம்.

பையைத் துழாவி வக்கீலின் போட்டோவை எடுத்தாள். வக்கீலின் கோட்டுப் பை வலது மார்பில் இருந்தது.

"அண்ணி, இங்க வாங்களேன்."

போட்டோவைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தாள். பை இடப்பக்கத்துக்கு வந்தது. வலது காதுக்குக் கீழே, இதுவரை கவனிக்காமல் விட்ட மச்சமும் கூடவே இடப்பக்கம் வந்தது. கட்டைவிரலால் மீசையை மறைத்தாள். கண்ணாடிக்குள்ளிருந்து, ஜூன் முப்பத்தொன்றாம் தேதி கடலில் மூழ்கிப்போன வணிகர் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அலுப்பாகப் பார்த்தார்.

"செத்தவருக்கு அவரே வக்கீல்," என்றாள் ரேடியோ மெதுவாக. "ஃபீஸ் மிச்சம்."

"படத்தை இடம் வலமா திருப்பிப் போட்டிருக்கான். மீசையையும் ஒட்டிட்டா அடையாளம் தெரியாதுன்னு நினைச்சிருக்கான். கோட்டை மறந்துட்டான்," என்றார் அண்ணி. அவருக்கு யாரையும் பாராட்டும் வழக்கம் கிடையாது. ரேடியோவின் தோளிலிருந்து இல்லாத தூசியைத் தட்டிவிட்டார். அதுவே அதிகம்.

ஸ்டுடியோக்காரரிடம் வணிகரின் போட்டோவைக் காட்டினார்கள்.

"இவரா? நம்ம டைப்பிங் மாஸ்டர். எதிர்க் கட்டடத்துல மூணாவது மாடி. கம்ப்யூட்டர் டைப்பிங் வகுப்பு நடத்தறார். ரெண்டு தடவை எடுத்துக்கிட்டார். ஒரு தடவை மீசை ஒட்டிக்கிட்டு வந்தார், நாடகத்துக்குன்னு சொன்னார். ஏம்மா, போட்டோ வேணுமா வேண்டாமா?"

"எடுங்க," என்றாள் ரேடியோ. "இதை மட்டும் பெரிசா போட்டு மாட்டணும்."

மணி நாலே கால். சந்துமுனையில் நின்று அண்ணி மெக்கானிக்குக்குப் போன் செய்தார். "சார், உங்க ஆளைப் பத்தித் தகவல் கிடைச்சிருக்கு. கடைத்தெருவுல டைப்பிங் வகுப்பு இருக்கிற கட்டடம் தெரியுமில்ல? ஆமா, உங்க லிஃப்டுதான். வாசல்ல வந்து நில்லுங்க. சரியா நாலே முக்காலுக்கு, கடிதத்துல இருக்கிற வக்கீல் நம்பருக்குப் போன் போடுங்க. என்ன பேசறதா? வழக்கமா கேக்கறதையே கேளுங்க."

மூன்றாவது மாடி வகுப்பில் பன்னிரண்டு பேர் தட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லூரி முடித்த பெண்கள், வேலை தேடும் ஆண்கள், பின்வரிசையில் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா. விசைப்பலகைகளின் சத்தம் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருந்தது. மாஸ்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்தார். இடது காதுக்குக் கீழே மச்சம்.

"சேரணும்," என்றாள் ரேடியோ. "எனக்கு வேகம் எல்லாம் இருக்கு. வாயில. அதைக் கைக்குக் கொண்டு வரணும்."

"மூணே மாசம். சான்றிதழோட," என்று படிவம் எடுக்க மேஜைக்குப் போனார் மாஸ்டர்.

ரேடியோ பின்வரிசை அம்மாவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. 'உரிமை கோருவாரின்றிக் கிடக்கும் அன்னாரின் சொத்துக்குத் தாங்களே சட்டப்படி வாறி...'

"சின்ன ரி போடுங்கக்கா," என்றாள் ரேடியோ தாழ்ந்த குரலில்.

"அப்படியா? இந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பிடிபடவே மாட்டேங்குது," என்றார் அந்த அம்மா. "மத்ததெல்லாம் இப்ப சுத்தமா வருது. மாஸ்டரே சொன்னார்."

"என்ன பாடம் இது?"

"வணிகக் கடிதம். ஆளுக்கு இருபத்தஞ்சு முகவரி குடுத்திருக்கார். ஒவ்வொரு முகவரிக்கும் வாரம் ஒரு கடிதம் அடிச்சு அவர்கிட்ட குடுத்துடணும், மார்க் போடுவார்."

மாஸ்டர் படிவத்தோடு திரும்பி வந்தார். அண்ணி அதை வாங்கவில்லை. வணிகரின் போட்டோவை அதன்மேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் கூப்பினார்.

"துக்கம் விசாரிக்க வந்தோம்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். ஜூன் முப்பத்தொண்ணுல தவறிட்டீங்களாமே. சேதி இப்பதான் கிடைச்சது."

தட்டுகிற சத்தம் வரிசை வரிசையாக நின்றது. மாஸ்டர் முகம் வெளுத்தது. ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. அடுத்த மூச்சிலேயே சிரித்தார். "ஓ, கடிதத்தைப் படிச்சீங்களா? கற்பனைங்க. பசங்களுக்குப் பயிற்சி. போட்டோவா? அதுவும் பாடத்துக்குத்தான். இதை நான் யாருக்காவது அனுப்பினேன்னு உங்களால சொல்ல முடியுமா?"

அண்ணி கடிகாரத்தைப் பார்த்தார். நாலு நாற்பத்துநாலு. "ஒரு நிமிஷம் இருங்க. யோசிச்சு சொல்றேன்."

அந்த ஒரு நிமிஷம் நீளமாக இருந்தது. மெக்கானிக் மறந்திருப்பாரோ, நேராக பேங்குக்கே போயிருப்பாரோ என்று ரேடியோவும் கடிகாரத்தைப் பார்த்தாள். மாஸ்டர் கதவைப் பார்த்தார். ரேடியோ நகர்ந்து கதவில் சாய்ந்துகொண்டாள்.

மேஜையின் கீழ் இழுப்பறைக்குள் ஒரு போன் அடித்தது.

மாஸ்டர் அசையவில்லை. அவருடைய போன் சட்டைப்பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இழுப்பறை விடாமல் அடித்தது. பின்வரிசை அம்மா, "மாஸ்டர், உங்க இன்னொரு போன்," என்றார் உதவியாக.

ரேடியோ போய் இழுப்பறையைத் திறந்தாள். துணிக்கடையில் பத்து வருடம் பேசிய குரலைத் தொண்டைக்குக் கொண்டுவந்தாள்.

"வணக்கம். வழக்கறிஞர் அலுவலகம்."

"ஐயா இருக்காருங்களா?" என்றது மெக்கானிக்கின் குரல். "இறந்தவரைப் பத்திக் கொஞ்சம் கேக்கணும்."

"இருக்கார். ரெண்டு பேரும் இங்கதான் இருக்காங்க. மூணாவது மாடிக்கு வாங்க."

மெக்கானிக் வந்து வாசலில் நின்றார். மாஸ்டரைப் பார்த்தார். அந்த முகத்தில் வந்ததை ரேடியோ எதிர்பார்க்கவில்லை. கோபம் வரும் என்று நினைத்திருந்தாள். மனிதருக்கு வந்தது சந்தோஷம்.

"தப்பிச்சிட்டீங்களா?" என்றார்.

மாஸ்டர் படிவத்தை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். மெக்கானிக் அறையைச் சுற்றிப் பார்த்தார். பன்னிரண்டு திரைகளிலும் அதே கடிதம். பக்கத்துத் திரையில் வேறொருவர் பெயர் போட்டிருந்தது, 'தங்கள் பெயரையே கொண்ட' என்று. அதற்குப் பக்கத்தில் இன்னொருவர் பெயர். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே நடந்தார். வரிசை முடிகிற இடத்தில் நின்றவர், கொஞ்ச நேரம் திரும்பவில்லை.

"ஏன் உங்க போட்டோவையே போட்டீங்க?" என்று கேட்டார் அண்ணி மாஸ்டரிடம். "எங்கேயாவது ஒரு படத்தைத் திருடிப் போட்டிருக்கலாமே."

"திருடின படம்னா எங்கேர்ந்து எடுத்ததுன்னு போன்லயே தேடிக் கண்டுபிடிச்சிடறாங்க. ஒரே கடிதத்தை எல்லாருக்கும் அனுப்பினாலும் குப்பையில போயிடுது. அதான் தனித்தனியா அடிக்க வெச்சேன்." அவர் குரல் தேய்ந்தது. "என் படம்னா என்ன ஆபத்து? முந்நூறு பேருக்குப் போயிருக்கு. வக்கீல் யாரு, எந்த பேங்கு, எப்ப வரும்னு எல்லாரும் கேட்டாங்க. செத்தவன் யாருன்னு ஒருத்தர்கூடக் கேக்கலை."

"நான் கேட்டேனே," என்றார் மெக்கானிக்.

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். கீழே போலீஸ் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. ஸ்டுடியோவிலிருந்து கிளம்பும்போதே அண்ணி சொல்லி வைத்திருந்தார்.

ஸ்டேஷனில் எல்லாரிடமும் வாக்குமூலம் வாங்கினார்கள். பன்னிரண்டு மாணவர்களும் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசை அம்மா அழுதுகொண்டே மெக்கானிக்கிடம் வந்தார். "உங்க கடிதம் மூணும் நான் அடிச்சதுதாங்க. சத்தியமா பாடம்னு நினைச்சேன்."

"கடைசிக் கடிதம் நல்லா இருந்ததுங்க," என்றார் அவர்.

புகார் எழுதிய ஏட்டு நிமிராமல் கேட்டுக்கொண்டே போனார். பெயர், வயது, தொழில். "குற்றவாளிக்கும் உங்களுக்கும் உறவு?"

மெக்கானிக் யோசித்தார். "ஒண்ணுமில்லைன்னு போடுங்க."

"குடும்பத்துல தகவல் சொல்ல வேண்டியவங்க யாரு?"

"அதுக்கும் அதேதாங்க."

ஏட்டு கோடு போட்டார். அடுத்து ரேடியோவின் முறை வந்தது. தொழில் என்ற இடத்தில் துப்பறிவாளர் என்று சொல்லும்போது வழக்கமாக அவள் குரல் ஒரு பிடி ஏறும். இன்று ஏறவில்லை.

"புகார்தாரருக்கு நீங்க என்ன உறவு?"

"தங்கச்சி," என்றாள் ரேடியோ.

ஏட்டின் பேனா நின்றது. "கூடப் பிறந்தவங்களா?"

"இல்ல. இன்னிக்குக் காலையில பதினொரு மணியிலேர்ந்து."

மெக்கானிக் அவளைப் பார்த்தார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்க?" என்று அண்ணி பக்கம் திரும்பினார் ஏட்டு.

"இவளுக்கு நான் அண்ணி. இவ அவருக்குத் தங்கச்சின்னா, என் வீட்டுக்காரர் அவருக்குத் தம்பி. அப்ப நான் தம்பி பொண்டாட்டி. என் ரெண்டு பசங்களுக்கும் அவர் பெரியப்பா. எழுதிக்கிட்டீங்களா?"

ஏட்டு பேனாவைக் கீழே வைத்தார். "இதோ பாருங்கம்மா. உறவுக்காரங்கன்னா கோர்ட்டுல சாட்சி எடுபடாது. எதிர்த்தரப்பு வக்கீல் கிழிச்சித் தொங்கவிட்டுடுவார். உறவா, சாட்சியா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

ரேடியோ அண்ணியைப் பார்த்தாள். அண்ணி மெக்கானிக்கைப் பார்த்தார். மாஸ்டரை விட்டுவிட்டால் முந்நூறு பேருக்கு அடுத்து மூவாயிரம் பேருக்குக் கடிதம் போகும். அது மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

"சாட்சின்னே போட்டுக்குங்க சார்," என்றார் அண்ணி. "மத்ததைக் கேஸ் முடிஞ்சதும் பார்த்துக்கறோம்."

"கேஸ் எப்பங்க முடியும்?" என்று கேட்டார் மெக்கானிக்.

"அஞ்சாறு வருஷம் இழுக்கும்."

மெக்கானிக் புகார்த்தாளைத் தன் பக்கம் இழுத்து, அபூர்வமான அந்தப் பெயரை எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடி ஏட்டிடம் நீட்டினார்.

"ஐம்பத்திரண்டு வருஷம் போயிடுச்சுங்க," என்றார். "இன்னும் அஞ்சாறுதானே."